கைக்குத் தெரிந்த இரண்டு வேலை

நான் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் ஒருத்தியை அடித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகிக் கப்பலேறி வந்து, ரோவல் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியேறிய புதிது. மாடி முழுக்கப் பலகை தடுத்த அறைகள். கீழே பின்கட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அடுப்படி, ஒரே ஒரு தண்ணீர்க்குழாய். முன்னறையில் குடியிருந்த பருத்த பெண்மணி என் வாளியைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். எதிர்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்போது மாடிப்படியில் தடதடவென்று ஒருத்தி இறங்கி வந்தாள். ஒல்லியான உடம்பு. என்ன ஏது என்று கேட்கவில்லை. அந்தக் குடத்தையே தூக்கி முன்னறைக்காரியின் முதுகில் ஒரு போடு போட்டாள். பித்தளைக் குடம் நசுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதோடு விடவில்லை. கொண்டையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்து, தலையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் விட்டாள்.

"தண்ணி புடிக்கணும்னா வாயத் தொறக்கணும்லா," என்றாள் என்னைப் பார்த்து. "வாய் வராட்டி கையத் தொறக்கணும். ரெண்டும் வராதுன்னா திரும்பக் கப்பலேறிடு புள்ள."

வாளியைத் தூக்கிக்கொண்டு நான் மாடி ஏறியபோது அவள் அறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வட்டச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. வளையல் கீறி விரலில் ரத்தம் வந்திருந்தது. அது துணியில் பட்டுவிடாமல் ஒரு கந்தலைச் சுற்றியிருந்தாள். சற்று முன் ஒரு தலையைக் குழாயடியில் அழுத்திய அதே கை, ஊசியைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, மூலைக்கு மூலை இறக்கி, ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டது. பக்கத்தில் இன்னொன்று. அவசரமே இல்லை. நான் வாசலில் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை.

வீட்டில் எல்லாரும் அவளைக் 'கான்வென்ட்டு' என்பார்கள். கைக்குழந்தையாக டவுனில் ஒரு கன்னிமார் மடத்து வாசலில் விடப்பட்டு, அங்கேயே வளர்ந்தவள். தாய் தகப்பன் யாரென்று தெரியாது. நான் அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். பேர் ஒன்று இருந்தது. அது மடத்தில் வைத்தது, தன்னுடையது இல்லை என்று அவளே சொன்னதால் நானும் இங்கே எழுதவில்லை.

அவள் தைத்தது சட்டையோ ரவிக்கையோ இல்லை. சாம்பிளர். அது என்னவென்று அவள்தான் எனக்குச் சொன்னாள். பள்ளிப்பிள்ளை சிலேட்டில் எழுத்துப் பழகுவதைப் போல, தையல் பழகுகிறவள் துணியில் எழுத்தும் எண்ணும் பூவும் கரையும் போட்டுப் பழகுவது. மடத்தில் ஒவ்வொரு பெண்ணும் ஒன்று தைத்தாக வேண்டும். ஏ முதல் இசட் வரை, கீழே எண்கள், அதற்குக் கீழே ஒரு வீடு, இரண்டு பக்கமும் இரண்டு மரம், கடைசியில் ஒரு நல்ல வாசகம். தப்பாக ஒரு தையல் விழுந்தால் தையல் மதர் கத்தரிக்கோலின் பிடியால் விரல் முட்டியில் அடிப்பாராம். அவள் வலது கையில் நடுவிரல் முட்டி ஒரு பக்கம் புடைத்திருக்கும்.

"வலிக்காதாக்கா?" என்றேன்.

"வலிக்கும். ஆனா தைக்கறது புடிச்சுப் போச்சு. அதுதான் எனக்கே ஆச்சரியம். மத்த புள்ளைங்கள்லாம் வெளிய வந்ததும் ஊசியத் தூக்கிப் போட்டுட்டாங்க. எனக்கு முடியல." விரித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கைக்கு ரெண்டே வேலைதான் தெரியும் புள்ள. தைக்கத் தெரியும், அடிக்கத் தெரியும். ரெண்டையும் ஒரே எடத்துலதான் கத்துக்கிட்டேன்."

தைப்பதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஊசி ஏறுவதற்கு முன்னாலேயே அது ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் கணக்குப் போடுகிற கட்டம்போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து, ஒரு கட்டம் ஒரு தையல் என்று வைத்துக்கொண்டு பென்சிலால் பூவை வரைவாள். அழிப்பாள். வரைவாள். இதழ் ஒரு கட்டம் நகர்ந்தால் பூ செத்துவிடுகிறது என்பாள். நகர்த்தி வைத்துவிட்டு, "இப்ப பாரு, மூச்சு விடுது," என்பாள். நூல்களை ஆணிகளில் நிறவாரியாகத் தொங்கவிட்டு, பச்சையில் மட்டும் ஏழெட்டு வகையை என் முன்னால் பிடித்துக் காட்டி, இது மழைக்கு முன்னால் இலை, இது மழைக்குப் பின்னால் என்பாள். ஆறு இழை நூலை இரண்டிரண்டாகப் பிரிக்கும்போது சின்னப்பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொள்வாள். இழுத்துக் கட்டிய, கட்டம் கட்டமாய் நெய்த மேட்டித் துணியில் ஊசி இறங்கும்போது 'டொப்'பென்று ஒரு சத்தம் வரும்.

"கேளேன். குட்டிப் பறை அடிக்கற மாதிரி இல்ல?"

அப்போது அந்த முகத்தைப் பார்த்தவர்கள், அவள் கை எட்டும் தூரத்தில் உட்காரப் பயப்பட மாட்டார்கள். பயப்படத்தான் வேண்டியிருந்தது.

ஒருநாள் என்னைப் பெட்டேன் ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வரிசையாக இருந்த பெரிய வீடுகளின் முன்சுவர்களில் பூப்போட்ட ஓடுகள் பதித்திருப்பார்கள். அதில் ஒரு ஓட்டின் கரை அவளுக்கு வேண்டும். ஒரு வீட்டு வாசலில் நின்று, ஓட்டுக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். காவல்காரர் வந்து போகச் சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. அவர் கைத்தடியால் அவள் தோளில் லேசாகத் தட்டினார். லேசாகத்தான், நான் பார்த்தேன். அடுத்த நொடி தடி அவள் கையில் இருந்தது. முழங்காலில் ஒன்று, தோளில் ஒன்று. வயசான மனிதர், "அம்மா" என்று சத்தம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதும், "நாலு நீலம், ரெண்டு வெள்ள, ஒரு செவப்பு, நாலு நீலம்," என்று மறக்காமலிருக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். சிராங்கூன் ரோடு வந்ததும் இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்று சிரித்தோம். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் அந்த மனிதர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் கண்முன் வந்தது. பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. அவளோ அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கரையைத் துணியில் ஏற்றிவிட்டாள். கொள்ளை அழகாக வந்திருந்தது.

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். மெல்லிய குரல், மெல்லிய மீசை. படியேறும்போது ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வருவார். அவர் முகத்தில் அடிக்கடி காயம் இருக்கும். பஸ்ஸில் ரவுடிகள் தகராறு, கம்பியில் இடித்துக்கொண்டேன் என்பார். நானும் நம்பினேன்.

ஒரு மத்தியானம் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கன்னத்தில் அறை விழும் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். கள் குடித்துவிட்டு வந்தால் என் வீட்டுக்காரர் என்னை அறைவார். அந்த மாடியில் அதைக் கேட்டு யாரும் தலையைத் திருப்பியதில்லை. இவளையும் ஒருத்தன் அடிக்கத்தான் செய்கிறான் என்று நினைத்தேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு அவள் குரல் கேட்டது.

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல. எண்ணிக்கை போச்சு. சொன்னேன்ல உங்ககிட்ட!"

மறுபடி அறை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் கண்டக்டர். உதடு கிழிந்திருந்தது. என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார். துணியை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாராம்; அவள் எண்ணிக்கொண்டிருந்த இடம் தப்பிவிட்டது. அவ்வளவுதான் குற்றம். அடிக்கும்போதும் அவள் அவரை 'நீங்க' என்றுதான் சொன்னாள்.

வீட்டில் மற்றவர்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. கீழே கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் ஆண்கள் அவரைப் பார்த்ததும் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரிப்பார்கள். நான் அடிவாங்கினால் அது வீட்டு விஷயம். அவர் அடிவாங்கினால் தெருவுக்கே வேடிக்கை.

"ஏங்க்கா அவர அடிக்கற?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அடி விழுமோ என்று ஓரடி தள்ளித்தான் நின்றேன்.

ஊசியை நிறுத்தினாள். "தெரியல. கை போயிடுது. போனப்புறம்தான் எனக்கே தெரியும்." அடுத்த தையலுக்கு ஊசியை இறக்கிக்கொண்டே, "எண்ணிக்கிட்டு இருந்தா வராது. அதனாலதான் எப்பவும் எண்ணிக்கிட்டே இருக்கேன்," என்றாள்.

எனக்குப் பெண் பிறந்தபோது பத்திய மிளகு அரைத்தது, துணி அலசியது எல்லாம் அவள்தான். தொட்டில் தலைமாட்டில் கட்டத் தாராக்குஞ்சு வரிசை போட்ட சின்னத் துணி ஒன்று தைத்துக் கொடுத்தாள். ஆனால் குழந்தையை மட்டும் தூக்கவே மாட்டாள். நான் நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். "என் கையில குடுக்காத." குனிந்து, தலையை மட்டும் தொட்டிலுக்குள் நீட்டுவாள். குழந்தை அவள் முடியைப் பிடித்து இழுக்கும். வலித்தாலும் சிரித்துக்கொண்டே அப்படியே நிற்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை.

அந்தக் குழந்தை இடுப்பில் இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் ஒருநாள் என்னை அறைந்தார். அன்று குடித்துக்கூட இருக்கவில்லை, மீன்குழம்பில் உப்பு. நான் தடுமாறியதில் குழந்தையின் தலை பலகையில் இடித்து வீறிட்டது. கதவு படாரென்று திறந்தது. அவள் வந்தாள். நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல் கையில் இருந்தது. மறுபடி ஓங்கிய அவர் உள்ளங்கையில் அதைக் குத்தி, மறுபக்கம் முனை தெரிகிற அளவுக்கு இறக்கிவிட்டாள். அவர் அலறினார். அவள் கத்தரிக்கோலைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து, வெளியே போய்விட்டாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. என் வீட்டுக்காரரின் ரத்தம் தரையில் சொட்டியபோது, 'இன்னும் கொஞ்சம்' என்று என் மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அன்றைக்குத்தான் அவளை எனக்கு உள்ளபடி புரிந்தது.

பஞ்சும் துணியும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர் கண்டக்டர். இரண்டு ஆண்களும் மாடிப்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கட்டுப் போடுவதில் அவருக்கு நல்ல பழக்கம்.

"கையத் தூக்கியே வச்சிக்குங்க. ரத்தம் நின்னுடும்," என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் அதன் பிறகு என்னைத் தொடவில்லை. திருந்தினார் என்று சொல்ல மாட்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறாள் என்பது அவருக்கு நினைவிருந்தது.

அந்தச் சமயத்தில் அவள் ஒரு பெரிய துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள். தமிழ் எழுத்துச் சாம்பிளர். ஆங்கில எழுத்துக்கு அச்சுப் புத்தகம் உண்டு, தமிழுக்குக் கிடையாது. ஒவ்வொன்றையும் அவளே கட்டத்தில் வரைந்து கண்டுபிடிக்க வேண்டும். 'ப'வும் 'ட'வும் சொன்னபேச்சுக் கேட்கிற பிள்ளைகள், கோடு போட்டால் உட்கார்ந்துவிடும் என்பாள். 'ஞ' திருடன். 'இ' ரவுடி, வளைக்க வளைக்கப் பல்லைக் காட்டும். நாள்கணக்கில் அந்த 'இ'யோடு மல்லுக்கட்டினாள். ஒரு காலை அவள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டிக்கிட்டான்! முழுத் தையலே போட்டுக்கிட்டு இருந்திருக்கேன் முட்டாளு. வளையற எடத்துல அரைத் தையல் போட்டா போதும். பாரு எப்படிச் சுருண்டு படுத்திருக்கான்னு." துணியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டினாள். முடிச்சே இல்லை. எது முன், எது பின் என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத்தெல்லாம் முடிந்தது. சுற்றிலும் பெட்டேன் ரோட்டு ஓட்டுக்கரை வந்தது. நான்கு மூலையிலும் நான்கு அன்னாசிப்பழம். கீழே ஒரு வரிக்கு இடம் காலியாக இருந்தது. நல்ல வாசகம் ஒன்று வேண்டும். மடத்து வாசகங்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஒரு நல்ல வார்த்தை சொல்லேன்," என்று கேட்டாள். முன்னறைக்காரிகூட ஒரு திருக்குறள் சொன்னாள். எழுத்து அதிகம், இடம் போதாது என்று அக்கா மறுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் புருஷனின் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், கரி போடுகிற பெரிய பெட்டி. நான் வாசற்படியில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் கட்டிலில் உட்கார்ந்து, விரித்துப் போட்டிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு வார்த்த சொல்லவா?" என்றார்.

"சொல்லுங்க."

"'அடிக்காதே'ன்னு போடேன்."

கேலி இல்லை அவர் குரலில். கோபமும் இல்லை. அத்தனை வருஷத்தில் அவர் வாயைத் திறந்து அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவள் முகம் எப்படி மாறியது என்று நான் பார்க்கவில்லை. கை போனதைத்தான் பார்த்தேன். இஸ்திரிப்பெட்டி அவர் முகத்தில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் மோதிய சத்தம் குடம் நசுங்கிய சத்தம் மாதிரி இல்லை. மூடி திறந்து நெருப்புக்கரி அறையெங்கும் சிதறியது. அவர் கட்டிலிலிருந்து சரிந்தார். கரி ஒன்று சாம்பிளரின் ஓரத்தில் விழுந்து புகைந்தது. அந்தத் துணியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு ஓடி, காலால் மிதித்து அணைத்தேன். அவள் வெறுங்காலோடு கரிமேல் நடந்துபோய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணல," என்றாள் என்னை நிமிர்ந்து பார்த்து. "நான் அப்ப எண்ணிக்கிட்டு இருக்கல புள்ள."

ஆஸ்பத்திரியில் தாடை எலும்பு உடைந்திருக்கிறது, ஒரு கண் இனி தெரியாது என்றார்கள். விசாரிக்க ஒரு மாத்தா, அதாவது போலீஸ்காரர், வந்தார். தமிழ் ஆள்தான். வீங்கிய வாயோடு கண்டக்டர், "அலமாரி மேலேர்ந்து பெட்டி விழுந்துடுச்சு," என்றார்.

"இல்ல. நான்தான் அடிச்சேன்," என்றாள் அவள்.

போலீஸ்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லி உடம்பு, காலில் கட்டு. சிரித்துவிட்டார்.

"பயத்துல ஒளர்றாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா," என்றார் என்னிடம்.

"நான்தான்னு சொல்றேன்ல! எழுதுங்க!" அவள் கை எழுந்தது. நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்து, பாவம், மயக்கம் வருகிறது போலிருக்கிறது என்று அந்த மனிதர் நாற்காலி எடுக்கப் போனார்.

கண்டக்டர் வீடு திரும்பவில்லை. செம்பவாங்கில், கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் இருந்த அவர் தமக்கை வந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் யாரையும் அடிக்கவில்லை. முன்னறைக்காரி சோதித்துப் பார்ப்பதுபோல ஒருநாள் அக்காவின் வாளியை நகர்த்தினாள். அக்கா தள்ளி நின்றாள். முன்னறைக்காரியே பயந்துபோய் வாளியைத் திரும்ப எடுத்து வைத்தாள். அறைக்குள் அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் இப்போது சந்தோஷம் இல்லை, 'டொப்'பென்ற சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. கடைசி வரியைப் போட்டாள். கருகிய ஓரத்தை மடித்து அடித்தாள். "'தே'வுக்கு முன்னால இரட்டைச் சுழி வருது பாரு, அதுதான் சரியா ஒக்காரல," என்று இரண்டு தடவை பிரித்துப் போட்டாள்.

முடித்ததும் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். செம்பவாங்குக்கு நெடுந்தூரம், வழியெல்லாம் ரப்பர்த் தோட்டம். தமக்கை எங்களை உள்ளே விடவில்லை. அவர்தான் வாசலுக்கு வந்தார். ஒரு கண் மூடி, தோல் சுருங்கி ஒட்டிக்கிடந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஆனால் அவளைப் பார்த்ததும் சிரித்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் துணியை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை ஓட்டினார். 'இ'யில் கொஞ்சம் நின்றார். கீழே வந்தார். 'அடிக்காதே.' நீலத்தில், சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பூ.

"நல்லா வந்திருக்கு," என்றார்.

"எப்ப வர்றீங்க?"

அவர் துணியை மடிக்க ஆரம்பித்தார். நான்காக, எட்டாக.

"ஒரு தடவ அடிங்க," என்றாள் அவள். "எல்லாரும் பாக்க அடிங்க. நான் நிக்கறேன்."

"எனக்கு அடிக்கவும் வேணாம்மா, வாங்கவும் வேணாம்." மடித்த துணியை மார்போடு வைத்துக்கொண்டார். "இத நான் வச்சிக்கறேன். நீ போ."

நம்மவர்கள் யாரையும் அப்படி அனுப்புவதில்லை. எதிரி வாசலைவிட்டு இறங்கினாலும் 'போயிட்டு வா' என்றுதான் வாயில் வரும். அவர் எவ்வளவு சாது என்று எனக்குத் தெரியும். அவர் வாயில் அந்த 'வா' வரவில்லை. அவளும் அதற்காகத்தான் காத்திருந்தாள் போலும். கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

அவள் அந்த மாடியை எப்போது காலி செய்தாள், எங்கே போனாள் என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. நாங்களும் அந்த வருஷமே வேறு இடம் மாறிவிட்டோம். யாரோ மடத்துக்கே திரும்பிப் போய்விட்டாள் என்றார்கள், யாரோ கோலாலம்பூரில் பார்த்ததாகச் சொன்னார்கள். என் மனசில் அவள் இருப்பது, அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில்தான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கையில் துணி இல்லை, ஊசி இல்லை. மடியில் இரண்டு கையும் மல்லாந்து கிடந்தன. டிக்கெட் போட வந்த கண்டக்டர் இளவட்டம், அவசரக்காரன்.

"எங்கம்மா எறங்கணும்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காது கேக்கலயா? ஓய்!" என்று அவள் முகத்துக்கு நேரே கம்பியில் 'டங்'கென்று தட்டினான்.

அவள் வலது கை மடியிலிருந்து எழுந்தது. எனக்கு அந்த எழுச்சி தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழும் சத்தம் வரவில்லை. என் மணிக்கட்டைத்தான் அந்தக் கை வந்து பிடித்தது. எலும்பு நொறுங்கிவிடும் போன்ற பிடி. கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து சதையில் ஏறியது. நான் இன்னொரு கையால் இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கினேன். ரப்பர்த் தோட்டங்கள் போயின, கடைகள் வந்தன. அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். சிராங்கூன் ரோடு வரைக்கும் பிடி தளரவில்லை. விரல்கள் மரத்துப்போய் ரத்தம் முழங்கையில் வழிந்தது. 'விடுக்கா' என்று நான் சொல்லவில்லை.